மூணு தடவை கூப்பிட்டேன்

இந்த ஆடியில் நம்ம செட்டு ஆட்கள் எல்லோரும் சேர்ந்து சதுரகிரி மலை ஏறலாம் என்று வாட்சப் குரூப்பில் போட்டிருந்தீர்கள். ஏழாம் வகுப்பில் வரிசையாக முட்டி போட்ட கூட்டம், இப்போது முட்டித் தேய்மானத்தோடு வரிசையாக மலையேறப் போகிறது. நல்ல யோசனைதான். ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கினீர்கள். நான் மட்டும், "மூட்டு வலி, மலையெல்லாம் ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று எழுதினேன். எழுதி முடிக்கவில்லை, ஒருத்தன் முடக்கத்தான் தோசை வீடியோ அனுப்பினான். இன்னொருத்தன், "டோலியில தூக்கிட்டுப் போவோம், வாலே" என்றான்.

என் மூட்டில் ஒரு கோளாறும் கிடையாது. போன வாரம்கூட ஒரு கல்யாண வீட்டில் பந்தலுக்குப் பின்னால் சரவெடி கொளுத்தியபோது, கையில் இலையோடு முதல் ஆளாக மெயின்ரோட்டில் போய் நின்றவன் நான். ரசம் மட்டும் வழியில் போய்விட்டது. சிவகாசிப் பக்கத்துக்காரன் வெடிச் சத்தத்துக்குப் பயப்படலாமா என்று மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். சிவகாசிப் பக்கத்துக்காரன்தான் பயப்படுவான். மற்றவர்களுக்கு அது தீபாவளி.

ஆகவே மூட்டு வலி பொய். மலைக்கு வராததற்கு நிஜமான காரணம் வேறு. அதைக் குரூப்பில் கட்டைவிரலால் தட்ட முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். சிரிப்பாகத்தான் ஆரம்பிக்கும். எனக்கு வேறு மாதிரி ஆரம்பிக்கத் தெரியாது.

ஏழாம் வகுப்பு பாதியில் நின்றுபோன ஒருத்தனை உங்களில் நாலு பேருக்காவது ஞாபகம் இருக்கும். கடைசி பெஞ்சில் சுவரோரமாக, இடது காதைச் சுவரோடு ஒட்டினாற்போல உட்கார்ந்திருப்பான். அவனுக்கு வலப்பக்கம் நான். என் சேக்காளி. ஒரே தெரு, ஒரே குழாயடி, ஒரே நாளில் மொட்டை போட்ட தலைகள். கரும்பலகைக்குக் கூப்பிட்டு, வாத்தியார் இடப்பக்கம் நின்று கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டான், வலப்பக்கம் நின்று கேட்டால் டாண் டாண் என்று சொல்வான். "உனக்குப் பாதி மண்டைதாம்லே வேலை செய்யுது" என்பார் வாத்தியார். வகுப்பே சிரிக்கும். நாமும்தான் சிரித்தோம். அவனும் சிரிப்பான். அவன் எதற்குச் சிரிக்கிறான் என்று எனக்கு மட்டும் தெரியும்.

எங்கள் தெருவில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். சாயங்காலம் திரும்பி வருகிற பெண்களின் கைகள் முழங்கை வரைக்கும் வெள்ளியாக மின்னும். அலுமினியப் பொடி. சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் மிச்சம் இருக்கும். என் அம்மா பிசைந்து கொடுத்த சோற்றில் எப்போதும் ஒரு கந்தக வாசம். அது சோற்றின் வாசம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கல்யாணமாகி, மனைவி முதல் நாள் சோறு பிசைந்து தந்தபோது என்னமோ குறைகிறதே என்று நானே கேட்டிருக்கிறேன்.

தெருக்கோடியில் கம்பெனி போர்மேன் அண்ணாச்சியின் வீடு. ஞாயிற்றுக்கிழமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். பிள்ளைகளைப் பார்த்தால் போதும், பாடம் ஆரம்பித்துவிடும்.

"சத்தம் கேட்டா என்னலே செய்யணும்?"

"ஓடணும் அண்ணாச்சி!"

"கையில இருக்கறத?"

"போட்டுட்டு ஓடணும்!"

"திரும்பிப் பாக்கலாமா?"

"கூடாது!"

"பக்கத்துல சேக்காளி நிக்கான். பேரச் சொல்லிக் கூப்பிடலாமா?"

"கூடாது அண்ணாச்சி!"

"ஏன் கூடாது?"

இதற்கு அவரே பதில் சொல்வார். அதில் அவருக்கு ஒரு ருசி. "கூப்பிட்டா அவன் ஓட மாட்டாம்லே. நின்னு திரும்பி, 'என்னா?'ம்பான். அந்த ஒரு 'என்னா'வுல ரெண்டு பேரும் போய்ருவீக. அவனவன் வாசல்ல அவனவன் ஓடணும். உசுரு மிஞ்சினா வெளிய வச்சுக் கூப்பிட்டுக்கிடலாம்."

கம்பெனியில் ஓர் அறைக்கு நாலு பேர், நாலு வாசல். அதையே நாங்கள் தெருவில் கரித்துண்டால் கட்டம் போட்டு விளையாடினோம். நாலு பேர் உள்ளே உட்கார்ந்து வெடி சுற்றுகிற மாதிரி பாவனை செய்வோம். வெளியே ஒருத்தன் காலி டப்பாவை எதிர்பாராமல் ஒரு தட்டு தட்டுவான். அவனவன் வாசலில் பாய வேண்டும். திரும்பிப் பார்த்தவன் செத்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் கூப்பிட்டவனும் செத்தான், கூப்பிடப்பட்டவனும் செத்தான். கையைப் பிடித்து இழுத்தாலும் அப்படியே. வேறு ஊர்ப் பிள்ளைகள் கோலி, பம்பரம் விளையாடினார்கள். நாங்கள் இதை விளையாடினோம்.

சேக்காளிக்கு டப்பாச் சத்தம் சில நேரம் கேட்காது, கேட்டாலும் எந்தத் திசை என்று தெரியாது. இரண்டு தீபாவளிக்கு முந்தி, அவனுடைய அம்மா தூக்குச்சட்டியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இவன் சோற்றைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனான். கேட்டுக்குள் நுழையும்போது ஓரத்து அறை ஒன்று 'போனது'. எங்கள் ஊரில் வெடித்தது என்று சொல்ல மாட்டோம், போனது என்போம். ஆள் சேதம் இல்லை என்று எல்லோரும் சாமி கும்பிட்டார்கள். சேதம் ஒரு காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது யாருக்கும் தெரியாது. தூக்குச்சட்டியில் விழுந்த நெளிவை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

"எங்கம்மாட்ட சொல்லிராதலே" என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினான். "அது சோத்த மறந்ததாலதான்னு தெரிஞ்சா, அது பெறகு சோறே திங்காது."

பத்து வயதுப் பையன் பேசிய பேச்சு அது. அந்த வயதில் நான் பேசியதெல்லாம் எச்சில் மிட்டாய் பற்றி.

அதிலிருந்து நான் அவனுடைய வலப்பக்கத்துக்காரன். ரோட்டில், வகுப்பில், கட்டத்தில். டப்பா தட்டினால் என் வாசலில் பாய்வதற்கு முன்னால் அவன் தொடையில் ஒரு இடி இடிப்பேன். அவன் பாய்வான். இழுக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது என்றுதானே விதி? இடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. இந்த வக்கீல் புத்தி எனக்கு அப்போதே உண்டு.

அந்த ஆடியில் கம்பெனி முதலாளி ஒரு லாரி கொடுத்தார். அமாவாசைக் கூட்டம் வடியட்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை சதுரகிரிக்குப் புறப்பட்டோம். வாரம் பூராவும் பட்டாசு லோடு ஏற்றுகிற லாரியில் அன்று நாங்கள் லோடு. ஏறுவதற்கு முன்னால் போர்மேன் அண்ணாச்சி வழக்கம்போல எல்லோருடைய மடியையும் பையையும் தடவிப் பார்த்து, தீப்பெட்டிகளைப் பிடுங்கி வாசல் மாடத்தில் வைத்துவிட்டார். கம்பெனி கேட்டில் தினமும் செய்கிற வேலை. கை பழக்கத்தில் செய்துவிட்டது. எங்களுக்கும் உறைக்கவில்லை, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஏறினோம்.

தாணிப்பாறையில் லாரியை விட்டு இறங்கியபோது விடிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து மேலே நடைதான். பாறை, வேர், மறுபடியும் பாறை. முதல் ஒரு மணி நேரம் நானும் சேக்காளியும் ஆட்டுக்குட்டிகள் மாதிரி துள்ளினோம். இரண்டாவது மணி நேரத்தில் நான் மட்டும் ஆடு மாதிரி கத்தினேன். மேலே போகப் போக வெயில் ஆறிக்கொண்டே வந்தது. மேகம் காலுக்குக் கீழே கிடந்தது. எங்கள் ஊரில் வானம் என்றால் அண்ணாந்து திட்டுகிற ஒரு பொருள். அதைக் குனிந்து பார்ப்போம் என்று யார் நினைத்தது? இலை மக்கிய வாசமும் ஈரக் கல்லின் வாசமும் சேர்ந்து வந்தது. சேக்காளி மூக்கை உறிஞ்சி, "கந்தகமே இல்லாத காத்துலே. ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்றான்.

அதைவிட அதிசயம், தண்ணீர். கேட்பாரில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஆறு என்றால் மணல். தண்ணீர் ஓடினால் எங்கேயோ குழாய் உடைந்திருக்கிறது என்று அர்த்தம், குடத்தோடு ஓடுவோம். இங்கே ஒவ்வோர் ஓடையிலும் அத்தைமார் இறங்கி, வீணாகப் போகிறதே என்று கவலைப்பட்டுவிட்டுத்தான் கரையேறினார்கள். தீயைப் பற்றி எங்களுக்கு ஆயிரம் விதி சொல்லித்தர ஆள் இருந்தது. தண்ணீரும் ஆளைக் கொல்லும் என்று சொல்லித்தர எங்கள் ஊரில் எவருக்கும் அனுபவம் இல்லை.

மேலே சன்னிதியில் போய் நின்று, தட்டில் கற்பூரம் வைத்து, ஆளாளுக்கு மடியைத் தடவினார்கள். தீப்பெட்டி இல்லை. நாடு பூராவுக்கும் வெடி செய்து அனுப்புகிற ஐம்பது பேர், சாமி முன்னால் ஒரு தீக்குச்சி இல்லாமல் நின்றோம். கடைசியில் தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாழைத்தோட்டக்காரர் கொடுத்தார். "நீங்க எந்த ஊருய்யா?" என்று கேட்டார். போர்மேன் அண்ணாச்சி, "சாத்தூர்ப் பக்கம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னார்.

கூட்டம் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தபோது சேக்காளி என்னை மணிக்கு இழுத்துப் போனான். ஒரு கல்லில் ஏறி நின்று, இடது காதை மணியோடு ஒட்டி வைத்துக்கொண்டான்.

"அடிலே."

அடித்தேன்.

"கேக்குதா?"

"பலமா அடி."

இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தேன். எனக்குப் பல் கூசியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"கேக்குதாலே?"

"காத்து மட்டும் அடிக்கு" என்று இறங்கினான். அவன் அவ்வளவு தூரம் ஏறி வந்ததே அதற்காகத்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் சன்னிதியைத் திரும்பிப் பார்த்து, "சாமிக்கும் ஒரு காது போயிருக்கும்லே. பக்கத்துல எம்புட்டு மணி!" என்றான்.

இறங்கும்போது பெண்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார்கள். நாங்கள் இருவரும் தூக்குச்சட்டியோடு முன்னால் ஓடிவிட்டோம். பசி. பாதையை விட்டு நாலு எட்டு விலகி ஓர் ஓடை. கணுக்கால் அளவு தண்ணீர், நடுவில் தட்டையாக ஒரு பாறை. தலைக்கு மேலே வெயில் அடித்தது. ஆனால் நாங்கள் இறங்கி வந்த உச்சிப் பக்கம் கறுத்துக்கிடந்தது. அங்கே பெய்வது இங்கே வரும் என்று கணக்குப் போட நாங்கள் வேறு ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

புளிச்சோறு. நெளிந்த தூக்குச்சட்டியிலிருந்து மூடியில் எடுத்து வைத்து ஆளுக்குப் பாதி தின்றோம். நான் கரைப் பாறையில் ஏறி உட்கார்ந்து கடைசி உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தேன். அவன் நடுப் பாறையில் குத்தவைத்து, மணலை அள்ளிப் போட்டுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கரகரவென்று சத்தம். இடது காது ஓடை வருகிற பக்கம். எனக்கும் அவனுக்கும் இடையில் ஆறு எட்டு. இந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எங்கள் வீட்டுக் கட்டிலுக்கும் கதவுக்கும் ஆறு எட்டு. தினமும் நடந்து பார்க்கிறேன்.

மேலே, தூரத்தில், 'டம்' என்றது.

பாறை உருண்டிருக்கும். எனக்கு அது பாறை இல்லை. கம்பெனி போன சத்தம். பிறகு ஒரு நூறு டிரம்மை உருட்டிவிட்ட மாதிரி ஒரு இரைச்சல், நெருங்கி நெருங்கி வந்தது.

நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கு இப்போது தெரியும். கையில் இருந்ததைப் போட்டேன். அது முதல் விதி. திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிடவில்லை. இழுக்கவில்லை. விளையாட்டில் ஒரு தடவைகூட ஒழுங்காகக் கடைப்பிடிக்காத விதியை, அன்று ஓர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன். இடிப்பதற்கு ஆறு எட்டு பின்னால் போக வேண்டும். நான் முன்னால் போனேன்.

ஓட்டம் என்றால் அப்படி ஒரு ஓட்டம். பாதையில் ஏறியவர்கள் எனக்கு அருள் வந்துவிட்டது என்று ஒதுங்கிக் கும்பிட்டார்கள். ஒரு பெரியவர் ஓட ஓட என் நெற்றியில் திருநீற்றை அப்பினார். பாதி வாய்க்குள் போய்விட்டது. ஒரு பெண் தன் பிள்ளையை என் காலடியில் போட்டார். தாண்டி ஓடினேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயது இருக்கும். என் ஆசீர்வாதத்தில் என்ன கதியில் இருக்கிறதோ.

கீழே ஒரு கடை. சாக்குப் படுதாவும் கலர் பாட்டில்களும். மூட்டைக்குப் பின்னால் போய்ச் சுருண்டேன். கடைக்கார அம்மா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி வேணும்?" என்றார்.

என் சேக்காளி ஓடையில் இருக்கிறான் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். திருநீறு அடைத்த வாயிலிருந்து, "ஒரு பன்னீர் சோடா" என்று வந்தது.

அவர் சோடாவை உடைத்துத் தந்தார். குடித்தேன். இதைச் சொல்லும்போது நீங்கள் சிரிக்கலாம். நானே நாற்பது வருடமாக இந்த இடத்தை மட்டும் கதையாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சோடா பாதி குடித்த பிறகுதான் அழுகை வந்தது. கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு டோலி தூக்குகிறவர்களைக் கூவி அழைத்தார். அவர்கள் மூங்கிலையும் கயிற்றையும் அவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள்.

அதற்குள் போர்மேன் அண்ணாச்சியும் பெண்களும் கடைப் பக்கம் இறங்கி வந்து சேர்ந்திருந்தார்கள். அத்தை என் தோளைப் பிடித்தார். நகக்கண்ணில் அலுமினியம் மினுங்கியது.

"எய்யா, தண்ணி வந்தப்ப நீ ஒரு சத்தம் குடுத்தியாய்யா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அவர் பதினைந்து வருடம் அந்த விதிக்குள் வேலை பார்த்தவர். போர்மேன் என் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்திருப்பார். இது எனக்கு இப்போது தெரிகிறது.

"குடுத்தேன் அத்தை. கூப்பிட்டேன். மூணு தடவ."

மூணு என்பது என் சொந்தக் கைவரிசை. பொய் சொல்கிறவனுக்கு எண்ணிக்கை பிடிக்கும்.

போர்மேன் அண்ணாச்சி என் பின்மண்டையில் ஒரு தட்டு தட்டினார். "கூப்பிடக் கூடாதுன்னு எத்தன வாட்டி சொல்லிருக்கேன்?" பிறகு அத்தையைப் பார்த்து, "ரூல மீறிட்டான். ஆனா பாசமுள்ள பய" என்றார். நான் மீறாத விதிக்காக அடியும், செய்யாத நல்ல காரியத்துக்காகப் பாராட்டும் ஒரே நேரத்தில் வாங்கினேன்.

அவன் பிழைத்துக்கொண்டான். வெள்ளம் இழுத்துப்போய் ஒரு நாவல் மரத்து வேரில் மாட்டியிருந்தது. டோலிக்காரர்கள் கயிறு கட்டித் தூக்கினார்கள். நெற்றி கிழிந்திருந்தது. தூக்குச்சட்டி போய்விட்டது. அதன் மூடியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தான். விரலைப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

லாரியில் போர்மேனின் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் எதிரே. அத்தை அவன் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். "இந்தப் புள்ள மூணு தடவ கூப்பிட்டானாமே. ஏன்யா கேக்கல?"

அவன் என்னைப் பார்த்தான். என் பொய்யை அவன் கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தேன். கண்டுபிடித்துத் தொலைக்கட்டும் என்றும் இருந்தது.

"மூணு தடவயா கூப்பிட்ட?"

தலையாட்டினேன்.

அவன் என் பக்கம் குனிந்து, அம்மாவுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டான். "அப்ப வலதும் போச்சாலே?"

அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். அதற்குப் பதிலாக நான் அத்தை பக்கம் திரும்பி, கடகடவென்று அவனுடைய ரகசியத்தைக் கொட்டிவிட்டேன். இடது காது கேட்காது, இரண்டு வருடமாகக் கேட்காது, அன்றைக்கு நீங்கள் மறந்த சோற்றைக் கொண்டுவந்தானே, அன்றிலிருந்து கேட்காது. கேள்வி என் பக்கம் வராமலிருக்க எதையாவது எடுத்து வீச வேண்டியிருந்தது. கைக்கு அகப்பட்டது அதுதான்.

அத்தை அவனைத் தன் பக்கம் திருப்பினார். அவன் இடது காதருகே விரலைச் சொடுக்கினார். திரும்பவும் சொடுக்கினார். வத்திராயிருப்பு தாண்டும் வரைக்கும் சொடுக்கிக்கொண்டே வந்தார்.

அவன் சொன்னது பலித்தது. அத்தை அதன் பிறகு வேலைக்குச் சோறு கொண்டுபோனதில்லை. தூக்குச்சட்டிதான் போய்விட்டதே என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். தூக்குச்சட்டி கடையில் கிடைக்காத பொருளா?

பிறகு வைத்தியம். அவன் ஒரே ஒரு தடவை சரியான இடத்தைத் தொட்டான். "தண்ணி வந்தது லாரி மாதிரி லேசாக் கேட்டுச்சும்மா. இவன் இருக்கானேன்னு பேசாம தேச்சேன். இவன் கூப்பிட்டதுதான் கேக்கல." அந்த இடத்தில் ஒரு வக்கீல் இருந்திருந்தால் நான் அன்றே மாட்டியிருப்பேன். வைத்தியர்தான் இருந்தார். "மனுசக் குரல் மட்டும் அடைச்சிருக்கு. ரெண்டு காதுக்கும் மருந்து விடணும்" என்று அடித்துச் சொன்னார். மூன்று தடவை கூப்பிட்டும் கேட்காதவனுக்கு ஒரு காது மட்டுமா கெட்டிருக்கும்? பெரியவர்களின் கணக்கில் பிழையே இல்லை. நான் கொடுத்த எண்தான் தப்பு.

ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். பூண்டும் இன்னும் என்னென்னவோ போட்டுக் காய்ச்சிய எண்ணெய், சூடு ஆறுவதற்குள் விட வேண்டும். அவன் துள்ளுவான். அத்தை என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். "நீ பிடிச்சாத்தான்யா ஆடாம இருக்கான்." நான் போய் அவன் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வேன். முதலில் கெட்ட காது. பிறகு நல்ல காது. நல்ல காதில் எண்ணெய் விழும்போது அவன் விரல்கள் என் முழங்காலை இறுக்கும். மூட்டு வலி என்று எழுதினேனே, முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

நாற்பத்தெட்டு நாளும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். முப்பதாம் நாள் வாக்கில் நல்ல காதிலிருந்து சீழ் வந்தது. அடைப்பு வெளியே வருகிறது என்று வைத்தியர் சந்தோஷப்பட்டார். தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அந்தக் காதில் பாதிதான் மிச்சம் இருந்தது. பாதிக் காதுக்காரனுக்குப் படிப்பு எதற்கு என்று நிறுத்திவிட்டார்கள். வாத்தியார் வருகைப் பதிவேட்டில் அவன் பேர்மேல் ஒரு கோடு போட்டார். நான் சுவரோரத்து இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். காற்றோட்டமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போதும் அவன் அதே தெருவில்தான் இருக்கிறான். வீட்டிலேயே கம்பெனிகளுக்குக் காகிதக் குழாய் ஒட்டிக் கொடுக்கிறான், வெடிக்கு மருந்து அடைக்கிற குழாய். பசைக்கு வைத்திருக்கும் தட்டு, அந்த மூடி. அவன் மகள் கல்யாணத்தில் என்னைச் சம்பந்தி வீட்டாருக்கு அறிமுகப்படுத்தினான். காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில், மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி: "இவந்தான் அன்னைக்கு என்னைய மூணு தடவ கூப்பிட்டவன்! ரூல மீறிக் கூப்பிட்டான்! எனக்குத்தான் குடுத்து வைக்கல!" எனக்குத் துண்டு போர்த்தினார்கள். போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நன்றாக விழுந்திருக்கிறது.

ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லாமல் இல்லை. நிறையத் தடவை சொல்லிவிட்டேன். இடப்பக்கம் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். வலப்பக்கம் சொல்வதென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். தெருவே கேட்கும். அன்றைக்கு ஆறு எட்டிலிருந்து போட வேண்டிய சத்தம், இன்றைக்கு அரை எட்டிலிருந்தும் வர மாட்டேன் என்கிறது.

நீங்கள் போய்விட்டு வாருங்கள். உச்சி கறுத்திருந்தால் ஓடைக்குள் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். தீப்பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

குரூப்பில் மூட்டு வலி என்று எழுதிய அன்று சாயங்காலமும் அவன் வீட்டுக்குத்தான் போனேன். வாசலில் சாக்கு விரித்து, ஒட்டிய குழாய்களைக் காயப் போட்டிருந்தான். ஆயிரக்கணக்கில், விரல் பருமனில். அவன் மூடியிலிருந்து பசையைத் தொட்டுத் தொட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். நான் இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"நான் கூப்பிடலலே" என்றேன். "ஒரு தடவகூடக் கூப்பிடல."

அவன் கை நின்றது. என் உதடு அசைந்ததை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டான் போல. உடம்பையே முழுசாகத் திருப்பி, வலது காதை என் பக்கம் கொண்டுவந்து, உள்ளங்கையை அதற்குப் பின்னால் குவித்தான்.

"என்னலே சொன்ன?"

அந்தக் காதைப் பார்த்தேன். நான் பிடித்துக்கொடுத்த காது.

"மழ வரும்போல இருக்குன்னேன்!" என்று கத்தினேன்.

அவன் அண்ணாந்து பார்த்தான். விருதுநகர் ஜில்லா வானம். ஒரு பஞ்சுப் பிசிறுகூட இல்லை. வெயில் சாய்ந்தும் கண் கூசியது. சுற்றிலும் ஒரு தடவை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து, பாதி காய்ந்த குழாய்களைச் சாக்கோடு மடித்து அள்ள ஆரம்பித்தான். "பாத்துக்கிட்டே உக்காந்திருக்க? அந்த முனையப் பிடி."

பிடித்தேன். இரண்டு பேரும் அந்தச் சுள்ளென்ற வெயிலில், ஒரு சொட்டு மழைக்கும் வழியில்லாத வானத்துக்குக் கீழே, குழாய் முழுவதையும் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.